எந்த விலக்கு

வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேங்காய்ச் சிரட்டையில் இருக்கும் சாம்பலைத் தொட்டுக்கொள்கின்றன. இடது கை, தறியில் நீளவாக்கில் மிச்சம் நிற்கும் பழைய பாவு நூலிலிருந்து ஓர் இழையையும், புதிய பாவிலிருந்து ஓர் இழையையும் பிரித்தெடுத்து, நுனிகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. சாம்பல் விரல்கள் அந்த இரண்டு நுனிகளையும் ஒரு முறுக்கு முறுக்கி, முறுக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, மறுபடி ஒரு தேய்ப்புத் தேய்த்து விடுகின்றன. முடிச்சு விழுவதில்லை. முடிச்சு இருந்தால், சீப்புப்போல் நிற்கும் அச்சில் போய்ச் சிக்கும். இழுத்துப் பார்த்தால் அறுவதுமில்லை. பக்கத்தில் இருப்பவர் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் ஓர் இழை சேர்ந்துவிடும். ஒரு சேலைப் பாவில் அப்படி ஆயிரக்கணக்கான இழைகள்.

சிரட்டை கைக்கு எட்டாமல் தள்ளிப்போனால், அந்தக் கை நெற்றிக்குப் போகும். காலையில் குளித்துவிட்டு மூன்று விரலால் பட்டையாகப் பூசிய திருநீற்றிலிருந்து கொஞ்சம் தொட்டுக்கொண்டு மறுபடி இழைக்கு வரும். அதனால் மதியச் சாப்பாட்டுக்குள் பாலாமணியின் நெற்றி வெறுமையாகிவிடும்.

"காலையில சாமிக்கு, அதுக்கப்பறம் பாவுக்கு. வீணாப் போகல பாத்துக்க" என்பார்.

அருப்புக்கோட்டையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் கைத்தறி இருக்கும் வீடுகளுக்குப் போய்ப் பாவு பிணைத்துக் கொடுப்பது அவருடைய தொழில். வயது முப்பத்தெட்டு. ஒடிசலான பெண், ஆனால் நடையில் வேகம் உண்டு. தோளில் தொங்கும் மஞ்சள் பையில் சாம்பல் சிரட்டை, தூக்குவாளி, மூக்குக்கண்ணாடி, பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். புத்தகத்துக்கு நூல் சிப்பம் சுற்றிவரும் காகிதத்தில் அட்டை போட்டிருந்தார். அதைத் திறந்தால் கஞ்சிப்பசை வாடை வரும்.

வீட்டில் பேசுவது கன்னடம். வாசலைத் தாண்டினால் தமிழ். இழைகளை எண்ணுவது கன்னடத்தில், "ஒந்து, எரடு, மூரு" என்று உதடு அசைய எண்ணிக்கொண்டே போவார். பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறையைத் தமிழில் எண்ணுவார். "ரெண்டு பாஷையிலயும் எனக்குக் கணக்கு வரல. அதுல பாகுபாடே கெடையாது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எது நடந்தாலும் "புண்ணியமாப் போச்சு" என்பார். தண்ணீர் கொடுத்தவருக்கு ஒன்று, பஸ்ஸில் நகர்ந்து இடம் விட்டவருக்கு ஒன்று. நின்றுபோன மின்சாரம் திரும்பி வந்தால், டிரான்ஸ்பார்மர் இருக்கும் திசையைப் பார்த்து ஒன்று. ஒருமுறை எங்கள் சந்தில் வழியை மறித்துப் படுத்திருந்த நாய் எழுந்து விலகிக்கொண்டது. அதற்கும் அதே குரலில், அதே மரியாதையோடு சொன்னார். இதைப் பலர் கேலி செய்வதுண்டு. நானும் செய்திருக்கிறேன். பாவைப் பிணைத்து முடித்து, புதிய இழைகள் எல்லாம் பழைய இழைகளின் வால் பிடித்து அச்சைக் கடந்து வந்து நிற்கும்போது, தறியின் மரத்தை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி அதையே சொல்வார். அந்த நேரத்தில் யாருக்கும் கேலி வராது.

அவர் பத்தாம் வகுப்புக் கணக்கைக் கையில் எடுத்ததற்குக் காரணம் அவருடைய கண்.

போன வருடம் ஒரு வீட்டில் பிணைத்த பாவில், கடைசியில் பழைய இழை ஒன்று ஜோடி இல்லாமல் மிஞ்சி நின்றது. எங்கோ நடுவில் புதிய இழை இரண்டை ஒன்றென்று எடுத்துவிட்டிருந்தார். இரட்டை இழை விழுந்தால் துணியில் தடித்த கோடாகத் தெரியும். தேடிக் கண்டுபிடித்து, அதிலிருந்து எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி பிணைக்க ஒரு பொழுது போயிற்று. அந்த வீட்டுக்காரர் கோபப்படவில்லை. அடுத்த பாவுக்குக் கூப்பிடவுமில்லை.

"அவுக மேல என்ன தப்பு. கண்ணு என்னுது" என்றார் பாலாமணி. மருத்துவர் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார். இன்னும் சில வருடங்களுக்குத் தாங்கும், இழை வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். குறைத்துக்கொண்டு எதைச் செய்வது என்பதுதான் கேள்வி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை ஒன்றை அவர் மனதில் வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடும் இடத்தில் அரிசி, பருப்புக்கு ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும்; இழை பார்க்க வேண்டியதில்லை. அதற்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். பதினாறு வயதில் அவர் கணக்கிலும் வேறு சில பாடங்களிலும் தவறி, கல்யாணமாகி, தறி வீட்டுக்கு வந்தவர். மறுபடி தனித்தேர்வராக எழுதி மற்ற பாடங்களை எல்லாம் முடித்துவிட்டார். கணக்கு மட்டும் மறுபடியும் கைவிட்டது. சில மதிப்பெண்ணில் போனது. இந்தத் தடவையும் போனால், அடுத்த முறை புத்தகத்தை இவ்வளவு கிட்ட வைத்துப் படிக்கக் கண் இருக்குமா என்று அவருக்கே சந்தேகம். வெளியில் சொல்லமாட்டார். கண்ணாடியைத் துடைக்கும்போது மட்டும் கொஞ்சம் அதிக நேரம் துடைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, கோயில் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கும். பந்திக்குப் போடும் நீள மேசைகள்தான் எங்களுக்குப் பெஞ்சு. விசேஷ நாளாக இருந்தால் சாம்பார் வாசனையோடு இயற்கணிதம் படிக்கலாம். நானும் அங்கே ஒரு தனித்தேர்வர். என் கதை இங்கே வேண்டாம். பாடம் எடுப்பவர் நவநீதகிருஷ்ணன் சார். திருச்சுழிப் பக்கத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியர். தன் ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்குக் கொடுத்து, அதற்குப் பதில் ஒரு டம்ளர் காப்பி வாங்கிக்கொள்பவர். காப்பியைக் கொண்டுவருவது பெரும்பாலும் பாலாமணிதான்.

நிகழ்தகவுப் பாடத்தில் சார் ஒரு சிறு பரீட்சை வைத்தார். ஒரு பையில் நான்கு சிவப்புப் பந்து, மூன்று மஞ்சள், ஐந்து பச்சை. கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் அது சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருப்பதற்கு நிகழ்தகவு என்ன. கேள்விக்குக் கீழே, "இவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்" என்று சார் தாமே எழுதியும் கொடுத்திருந்தார். நான்கும் மூன்றும் ஏழு. பன்னிரண்டில் ஏழு என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான். பாலாமணி பன்னிரண்டில் ஆறு என்று எழுதியிருந்தார். கூட்டியது சரியாக இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றைக் கழித்திருந்தார்.

"ஏம்மா இதுல ஒண்ணக் கழிச்சீங்க?" என்று கேட்டார் சார்.

"விலக்கும்னு போட்டிருக்கே சார்."

"சரி. விலக்கும்னா?"

பாலாமணி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "விலக்கு தெரியாதா சார். நீங்க வண்டியில வார வழியிலயே நாலு விலக்கு இருக்கே. மெயின் ரோட்டுலருந்து ஊருக்குள்ள ரோடு போற எடம். ரெண்டு ரோடும் அந்த எடத்துல தொடும்ல. ரெண்டுக்கும் பொதுவா இருக்கத ரெண்டு தடவ எண்ணிருப்போம், அத ஒரு தடவ கழிச்சிரணும்னு நீங்கதான சொன்னீக. அதான் கழிச்சேன்."

சிரிக்க யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் எங்களில் பாதிப்பேர் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தோம். எங்கள் பகுதியில் விலக்கு என்பது அகராதிச் சொல் அல்ல. அது ஒரு வேப்பமரம், ஊர்ப் பெயர் எழுதிய ஒரு பலகை, ஒரு டீக்கடை. சாலை பிரிகிற இடம் என்பதால் அந்தப் பெயர் வந்தது உண்மை. ஆனால் நாங்கள் அங்கே போய் நிற்பது பிரிவதற்கு அல்ல, பஸ்ஸைப் பிடிப்பதற்கு. ஊருக்குள்ளிருந்து வருகிறவரும் டவுனுக்குப் போகிறவரும் சந்திக்கும் இடம் அது. பெயர் ஒன்று சொல்கிறது, இடம் வேறொன்று சொல்கிறது. பாலாமணி இடத்தை நம்பினார்.

"ஒரு பந்து சிவப்பாவும் இருந்து மஞ்சளாவும் இருக்குமாம்மா?" என்றார் சார்.

"எங்க தெருவுல ரெண்டு கலர் போட்ட பந்து விக்கிறாகளே சார்."

இப்போது எல்லோரும் சிரித்தோம். சாரும் சிரித்தார். சிரித்துவிட்டு மேசை விளிம்பில் உட்கார்ந்தார். "ரோட்டுக்கு நீங்க சொல்றது நெசம். ஆனா இங்க விலக்குறதுன்னா வேற. ஒண்ணு வந்துருச்சுன்னா இன்னொண்ணு அந்தப் பக்கமே வரக் கூடாது. தள்ளியே இருக்கணும். ரெண்டும் தொடவே கூடாது. தொடாட்டி பொதுவா ஒண்ணும் இருக்காது. பொதுவா இல்லாட்டி எதக் கழிக்க? வெறுமனே கூட்டிட்டுப் போயிற வேண்டியதுதான்."

பாலாமணி அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "தள்ளி இருக்கணுமாம், தொடக் கூடாதாம். ஏத்தா, இவுக சொல்றது ரோட்டு விலக்கு இல்ல. வீட்டு விலக்கு" என்றார்.

பெண்கள் மேசை முழுவதும் குலுங்கியது. சார் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே எழுதியிருந்த தேதியை அழித்து, அதே தேதியை மறுபடி எழுதினார்.

ஒரு விஷயம் புரிந்துவிட்டால் அதைப் பார்க்கிற இடத்திலெல்லாம் உரசிப் பார்ப்பது பாலாமணியின் வழக்கம். அடுத்த நாள் திருச்சுழி வழியில் ஒரு வீட்டில் பாவு பிணைக்க வேண்டியிருந்தது. எனக்கும் அந்தப் பக்கம் ஒரு ஜோலி. திருச்சுழியைத் தாண்டிப் போகும் வீரசோழன் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் மருதுபாண்டி அந்தத் தடத்துக்குப் பழைய ஆள்.

"ஏப்பா மருதுபாண்டி, ஒரு பஸ்ஸு ஒரே நேரத்துல பந்தல்குடிக்கும் போயி திருச்சுழிக்கும் போகுமா?"

"டிரைவருக்குக் கிறுக்குப் புடிச்சாப் போகும்க்கா. பந்தல்குடி தூத்துக்குடி ரோட்டுல இருக்கு, இது கெழக்க போற ரோடு."

"அப்பத் தொடாது." விரலை ஒன்று மடக்கினார். "வீரசோழனுக்கும் திருச்சுழிக்கும்?"

"அந்தப் பஸ்லதான இப்ப உக்காந்துருக்கீக."

"அதான் கேக்கேன். திருச்சுழி போற பஸ்ஸ எண்ணிட்டு, வீரசோழன் போற பஸ்ஸ எண்ணிட்டு, ரெண்டையும் கூட்டுனா எத்தன பஸ்ஸு?"

"கூட்டுனா எப்பிடி? இந்த வண்டியே ரெண்டு கணக்குலயும் வருமே. அப்பறம் இல்லாத வண்டிக்கு நான் எங்க போயி டிக்கெட்டுக் கிழிக்க."

"கழிக்கணும்ல?"

"கழிக்கத்தான் செய்யணும். எதுக்குக்கா, பஸ்ஸு வாங்கப் போறீகளா?"

"பாஸாகப் போறேன்" என்றார் பாலாமணி. பின்சீட்டில் இருந்த ஒருவர், எந்த பாஸு, முதியோர் பாஸா என்று கேட்டார். பாலாமணி கண்டக்டரிடம் மட்டும் "புண்ணியமாப் போச்சுப்பா" என்றார்.

இதோடு தீர்ந்ததென்று நான் நினைத்தேன். தீரவில்லை. பரீட்சையில் எப்போதும் 'விலக்கும்' என்று எழுதிக் கொடுக்கமாட்டார்கள் என்று சார் அடுத்த வாரம் சொன்னார். 'அல்லது' என்று மட்டும் இருக்கும். இரண்டும் தொடுகிறதா, தொடவில்லையா என்று எழுதுகிறவர்தான் பார்க்க வேண்டும். பாலாமணியின் முகம் வாடிவிட்டது. அவருக்கு 'அல்லது' என்ற சொல்லே இடித்தது. டீயா, காப்பியா என்று கேட்டால் ஒன்றைத்தான் கொடுப்பார்கள். கணக்கில் மட்டும் இரண்டையும் குடித்தவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். போதாததற்கு இரண்டு பகடைக் கணக்கு. முப்பத்தாறு சோடி எண்களை வரிசையாக எழுதி, வேண்டியவற்றை வட்டம் போட வேண்டும். நெருக்கமாக எழுதிய எண்கள் அவர் கண்ணுக்குக் கலங்கின. ஒரே சோடியை இரண்டு இடத்தில் எண்ணிவிட்டு, விடை பொருந்தாமல், பேனாவை மூடி வைத்தார்.

"ரெட்டை இழை விழுகுதுத்தா. தறியிலயும் விழுகுது, தாள்லயும் விழுகுது" என்றார். அன்றைக்குக் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போகும்போது அவர் யாருக்கும் புண்ணியம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், விடுபட்ட பாடத்தை எழுதிக்கொள்ள அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் சௌடப்பன் தறிக்குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். கட்டம் போட்ட சேலை. நீளவாக்கில் பாவில் சிவப்புப் பட்டை. குறுக்கே ஊடையில் மஞ்சள் பட்டை. பாலாமணி பக்கத்தில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்த கை நடுவில் நின்றது.

கன்னடத்தில் ஏதோ சொன்னார். தறி நிற்கவில்லை. மறுபடி சொன்னார். சௌடப்பன் எனக்காகத் தமிழுக்கு மாறினார்.

"தறிய நிறுத்தணுமாம். நீங்களே கேளுங்கம்மா. புள்ளைகளுக்குச் சோறாக்கப் போறவளுக்குப் பகடை எதுக்குங்கேன், தறி எதுக்கு நிக்கணும்ங்கேன்."

"ஒரு நிமிசம் நிறுத்துனா ஒங்க சேல ஒண்ணும் கோவிச்சுக்கிறாது."

தறி நின்றது. பாலாமணி வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, நெய்த துணியின்மேல் படாமல் விரலைக் காட்டினார். பாவில் நான்கு பட்டை, அதில் ஒன்று சிவப்பு. ஊடையில் நான்கு பட்டை, அதில் ஒன்று மஞ்சள். அந்த அளவுக்குள் மொத்தம் பதினாறு கட்டம்.

"கண்ண மூடிட்டு இதுல ஒரு எடத்துல வெரல வைக்கேன்னு வச்சுக்க. செவப்புல படணும், அல்லது மஞ்சள்ல படணும். செவப்பு ஓடுற கட்டம் நாலு. மஞ்சள் ஓடுற கட்டம் நாலு. எட்டுன்னு சொல்லிருவேன். ஆனா எண்ணிப் பாரு."

எண்ணினேன். ஏழுதான் இருந்தது. சிவப்பும் மஞ்சளும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் கட்டம் ஒன்று. அது இரண்டு வண்ணமும் கலந்து ஆரஞ்சாகத் தெரிந்தது.

"இந்தக் கட்டத்துல வெரல் பட்டா செவப்புன்னும் சொல்லலாம், மஞ்சள்னும் சொல்லலாம். ரெண்டும்தான். செவப்ப எண்ணும்போதும் இது வந்துச்சு, மஞ்சள எண்ணும்போதும் இதே வந்துச்சு. ரெட்டை இழை இங்கதான் விழுந்துருக்கு."

"அப்ப கோடு மட்டும் போட்ட சேலைக்கு?" என்று கேட்டார் சௌடப்பன். அவரை அறியாமல் கேட்டுவிட்டார்.

"பாவுலயே செவப்புக்கோடும் பாவுலயே மஞ்சக்கோடும் ஓடுனா எங்க தொடும்? பக்கத்துல பக்கத்துல போகும், கடைசிவரைக்கும் தொடாது. அது வீட்டு விலக்கு."

சௌடப்பன் சட்டென்று தறிக்குள் குனிந்து, அறுந்திராத இழை ஒன்றைத் தேடத் தொடங்கினார்.

பாலாமணி நூல் சிப்பக் காகிதத்தின் பின்பக்கத்தில் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டார். மேலிருந்து கீழே ஓடுவது முதல் பகடை. குறுக்கே ஓடுவது இரண்டாவது பகடை. "ஒரு பகடை பாவு, ஒரு பகடை ஊடை. அவ்வளவுதான்த்தா. முப்பத்தாறையும் எழுதி எழுதிக் கண்ணு போச்சு. துணியா நெனச்சா எழுதவே வேண்டாம்." முதல் பகடையில் இரண்டு விழுந்தால் அது ஒரு பாவுப் பட்டை. இரண்டிலும் ஒரே எண் விழுந்தால் அது மூலையிலிருந்து மூலைக்குச் சாய்ந்து போகும் கட்டங்கள். கூடுதல் நான்கு வரும் கட்டங்களும் கூடுதல் ஒன்பது வரும் கட்டங்களும் ஒரே சாய்வில் தனித்தனியாகப் போகின்றன, தொடுவதே இல்லை. நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அவர் விரலை ஓட்டிக் காட்டினார். எங்கே இரண்டு ஓட்டம் வெட்டிக்கொள்கிறதோ அங்கே கட்டைவிரலை அழுத்தி வைத்தார். அழுத்திய இடத்தை ஒருமுறை கழித்தார். எண்கள் சின்னதாக இருந்தால் கலங்கும் கண்ணுக்குக் கட்டம் கலங்கவில்லை. துணியை அது வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறது.

நிகழ்தகவில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மத்தியானம் தெரிந்ததுதான். சாரிடம் கேட்டபோது தலையை ஆட்டியிருக்கிறேன். புரிந்தது வெங்காய வாசனையோடுதான். காகிதத்தை நான் வாங்கிக்கொண்டேன். கேட்டதும் கொடுத்துவிட்டார். தறி மறுபடி ஓடத் தொடங்கியதும் சௌடப்பனிடம் "நிறுத்துனதுக்குப் புண்ணியமாப் போச்சு" என்றார். "தறிய நிறுத்துனதுக்குப் புண்ணியம் சொல்ற ஆள இந்தத் தெருவுல இப்பத்தான் பாக்கேன்" என்றார் அவர். ஆனால் அவர் குரலில் பழைய கேலி இல்லை.

பரீட்சை, டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில். தனித்தேர்வர்களுக்கு மாடியில் கடைசி அறை. பாலாமணிக்கு ஜன்னலோர வரிசை. எனக்கு அடுத்த வரிசையில், அவருக்கு ஒரு பெஞ்சு பின்னால். அவருடைய முதுகும் வலது கையும் எனக்குத் தெரியும், தாள் தெரியாது. அன்றைக்குத் திருநீற்றை வழக்கத்தைவிட அகலமாகப் பூசி வந்திருந்தார். வாசலில் சார் நின்று எல்லோருக்கும் பேனா கொடுத்தார். பாலாமணி கொண்டுவந்த பேனாவே இரண்டு இருந்தது. மூன்றாவதையும் புண்ணியம் சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஐந்து மதிப்பெண் கேள்விகளில் அது இருந்தது. இரண்டு பகடைகள் ஒருமுறை உருட்டப்படுகின்றன. முதல் பகடையில் 4 கிடைக்க அல்லது இரண்டின் கூடுதல் 9 ஆக இருக்க நிகழ்தகவு காண்க. விலக்கும் என்ற சொல் எங்குமே இல்லை. வெறும் அல்லது.

எனக்கு அந்தக் கேள்வியைப் படித்ததும் கண் தானாக ஜன்னல் பக்கம் போனது. பாலாமணி அந்தக் கேள்விக்கு இன்னும் வந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், வேறு எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். நேரம் போயிற்று. பிறகு பேனாவைக் கீழே வைத்தார். மேசைப் பலகையின்மேல் ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே, சாய்வாக, ஒரு குட்டைக் கோடு. விரல் அந்த இரண்டாவது கோட்டில் நின்று நின்று போனது. நான்கு இடத்தில் நின்றது. இரண்டும் வெட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். உதடு அசைந்தது. "ஒந்து." விரலை எடுத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

முடிக்கச் சொல்லும் முதல் மணி அடித்தது. அறைக் கண்காணிப்பாளர், இளவயதுப் பெண், வெள்ளை நூலைத் துண்டு துண்டாக வெட்டி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். விடைத்தாள், வரைபடத் தாள், கூடுதல் தாள் எல்லாவற்றையும் மூலையில் துளை வழியாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். அறை முழுவதும் அந்தச் சின்ன வேலையில் தடுமாறிக்கொண்டிருந்தது. ஒருவர் பல்லால் இழுத்தார். ஒருவருக்கு முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருந்தது.

பாலாமணி நூலை முதலில் விரல்களுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தார், விலைக்கு வாங்கப்போகிறவர்போல. துளைகளில் கோத்து, இரண்டு நுனிகளையும் சேர்த்தார். வியர்த்த விரலில் நூல் வழுக்கியது. வலது கை தன்னால் இடப்பக்கம் போய் மேசையைத் துழாவியது. அங்கே சிரட்டை இல்லை. கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு நெற்றிக்குப் போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திருநீற்றைத் தொட்டுக்கொண்டு இறங்கின. ஒரு முறுக்கு, ஒரு சாய்ப்பு, அதற்கு மேல் பரீட்சைத் தாளுக்காக ஒரு சின்ன முடிச்சு. இழுத்துப் பார்த்தார். நின்றது.

இரண்டாவது மணிக்குக் கண்காணிப்பாளர் ஜன்னல் வரிசைக்கு வந்தார். பாலாமணி எழுந்து நின்றார். தாளின் மூலையில் ஒட்டியிருந்த திருநீற்றை மெதுவாக ஊதிவிட்டு, கட்டிய தாள்களை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார்.